பரு டாக்டரின் இடது மூலை

அவர் கைபட்டு ஒரு நோயாளிகூட வலியில் முனகியது கிடையாது. முகப்பரு, கருவளையம், சவரம் செய்யும்போது விழுந்த கீறல், விசேஷ நாளாகப் பார்த்து மூக்கு நுனியில் முளைக்கும் கட்டி, எதுவானாலும் சொட்டு ரத்தம் சிந்தாமல் அகற்றிவிடுவார். ஊசி கிடையாது, பத்தியம் கிடையாது. நோயாளி தன் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே இங்கே சிகிச்சை முடிந்திருக்கும். காரணம், அவர் கைவைப்பது நோயாளியின் மேல் அல்ல, நோயாளியின் புகைப்படத்தின் மேல்.

ஸ்டுடியோவில் எல்லோரும் அவரைப் பரு டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவசரத்துக்கு வெறும் டாக்டர். அவருக்கும் அதில் வருத்தம் இல்லை. நிஜ டாக்டர்களிடம் போனவர்கள் பாதிப்பேர் திரும்பவும் அதே நோயோடு வருகிறார்கள்; இவரிடம் வந்த பரு எதுவும் மறுபடி தலைகாட்டியதில்லை.

இப்பேர்ப்பட்ட நிபுணருக்கு ஸ்டுடியோ ஒதுக்கியிருந்த சிகிச்சைக்கூடம் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கூரை சரிவு. உட்கார்ந்திருக்கும்வரை ராஜா, எழுந்தால் 'டொங்'. படமெடுக்க மாடிக்கு ஏறுகிறவர்கள் அத்தனை பேரும் அவர் தலைக்கு மேல் நடந்துதான் போகவேண்டும். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர்களின் காலடி அவருக்கு அறிமுகமாகிவிடும். "இப்ப ஏறுறது பொண்ணோட அப்பா. கன்னத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வாரு" என்பார். சொன்னபடியே நடக்கும். ஊரார் முகங்களையெல்லாம் வழவழப்பாக்கிய அந்த மனிதரின் நெற்றியில் மட்டும், நிரந்தரமாக, ஒரு புடைப்பு.

தொழிலில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. இந்த வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு திருத்தத்தையும் படத்தின் மேல் தனித்தனி அடுக்காக வைத்துக்கொள்வார்கள். நாளைக்குத் தேவைப்பட்டால் ஓர் அடுக்கை உருவிப் பார்க்கலாம், இன்னொரு படத்தில் ஒட்டலாம். டாக்டர் அப்படியில்லை. வேலை முடிந்ததும் எல்லா அடுக்குகளையும் ஒரே அடுக்காக அழுத்திவிடுவார். என்ன செய்தார், எங்கே செய்தார் என்பது பிறகு அவருக்கே தெரியாது.

"வெட்டி எடுத்த பருவை எல்லாம் பாட்டில்ல போட்டு வைக்க நான் என்ன மியூசியமா நடத்துறேன்?" என்று கேட்பார். இந்தக் கொள்கைதான் பின்னால் அவர் கழுத்தைப் பிடிக்கப்போகிறது என்று அப்போது யார் கண்டது.

ஒருநாள் எழுந்தபோது வழக்கத்தைவிடப் பலமாக இடித்துக்கொண்டார். அந்தச் சூட்டோடு முதலாளியின் அறைக்குப் போய், இனி வீட்டிலிருந்தே வேலை செய்ய விரும்புவதாகச் சொல்லிவிட்டார். முதலாளி அவருடைய நெற்றியைப் பார்த்தார். இரக்கப்பட்டாரா, அந்த இடத்தில் ஃபிரேம்களை அடுக்கலாம் என்று கணக்குப் போட்டாரா, சொல்வதற்கில்லை.

"வீட்ல நல்ல மானிட்டர் இருக்கா, டாக்டரே?"

"வாங்கிடறேன் சார்."

"வாங்குங்க. எங்க அத்தைக்குப் பிறந்தநாள் வருது. மொத்தக் குடும்பமும் ஒரே படத்துல, ஹால் சுவர் அளவுக்குப் பெருசா வைக்கணும். அதுதான் உங்க வீட்டு வேலையோட முதல் வேலை. அது நல்லா வந்தா நீங்க வீட்லயே இருங்க. சொதப்பிச்சுன்னா மாடிப்படிக்குக் கீழதான். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது."

முதலாளியின் மாமியார் சாதாரணப்பட்டவர் அல்ல. ஸ்டுடியோ இருக்கும் கட்டடம் அவருடையது. முதலாளி ஊரில் யாருக்கும் பணியாத ஆள். மாமியாரின் பெயர் ஃபோனில் வந்தால் மட்டும் எழுந்து நின்று பேசுவார்.

மானிட்டர் வந்தது. டாக்டர் அட்டைப்பெட்டியை ஆபரேஷன் நடத்தும் நிதானத்தோடு பிரித்தார். திரையைப் போட்டதும் கம்பெனிக்காரன் உள்ளேயே வைத்திருந்த ஓர் இலையின் படம் வந்தது. இலை மேல் பனித்துளி. துளிக்குள் இன்னொரு இலை. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள், "சூப்பர்ப்பா, நம்ம வீட்டுச் செடியைவிட நல்லாருக்கு. தண்ணியும் ஊத்த வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதோடு கணினியை மூடிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தால் அவர் வாழ்க்கை நிம்மதியாகப் போயிருக்கும். போகவில்லை. புது மானிட்டர் வாங்கியவர்கள் கட்டாயம் செய்யவேண்டிய ஒரு சோதனை உண்டென்று இணையத்தில் யாரோ எழுதியிருந்ததைப் படித்துத் தொலைத்தார். அறையை இருட்டாக்க வேண்டும். திரையில் வெறும் கறுப்பை வைக்க வேண்டும். பிறகு மூலைகளை உற்றுப் பார்க்க வேண்டும்.

பொழுது சாயும்வரை பொறுக்கக்கூடாதா என்று சிலர் கேட்கலாம். ஒரு முகத்தில் பரு இருக்கிறதா என்ற சந்தேகத்தை வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை சும்மா இருக்கக்கூடியவர் இந்தத் தொழிலுக்கே வந்திருக்கமாட்டார். நடுப்பகல். ஜன்னலுக்குத் திரைச்சீலை போதவில்லை. போர்வை போட்டார், ஓரத்தில் வெளிச்சம் வந்தது. அவர் பார்வை வாசலில் நின்ற காரின் மேல் விழுந்தது. காருக்கு ஒரு கவர் உண்டு. கனமானது, உள்பக்கம் கறுப்பு. அதை உருவிக்கொண்டு வந்து மேஜை, மானிட்டர், தான் மூன்றையும் சேர்த்து மூடிக்கொண்டார்.

அந்தக் காரைப் பற்றி ஒரு வார்த்தை. டாக்டரின் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் வைத்த கார் அது. மாணவர் எவ்வளவு முட்டாள்தனமாக ஓட்டினாலும் ஆசிரியர் அங்கிருந்தே மிதித்து நிறுத்திவிடலாம். பிரேக் இருக்கும் தைரியத்தில் அந்த அம்மாள் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. வீட்டில் பிரேக் கிடையாது என்பதால் வீட்டில் கொஞ்சம் உயர்த்துவார்.

வகுப்புக்குக் கிளம்ப வந்தவர், கார் அம்மணமாக நிற்பதைப் பார்த்தார். உள்ளே வந்தார். வீடு கும்மிருட்டு. மேஜைப் பக்கம் ஒரு கூடாரம். கூடாரத்துக்குள்ளிருந்து பெருமூச்சு.

"என்னங்க? உள்ள யாரு?"

"நான்தான். கதவைச் சாத்து, வெளிச்சம் வருது!"

"வெளிச்சம் வரத்தான் கதவே வச்சிருக்கு. கார் கவரை எடுத்து எதுக்குங்க போத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க? குளிர் ஜுரமா?"

"மோசம் போயிட்டோம். உள்ள வந்து பாரு."

மனைவி குனிந்து கூடாரத்துக்குள் புகுந்தார். கறுப்புத் திரை. அதன் இடது கீழ் மூலையில் மட்டும், மங்கலாக, மஞ்சளாக, ஒரு வெளிச்சப் புகை.

"என்ன படம் இது?"

"படமே இல்ல. கறுப்பு. கறுப்பு கறுப்பா இருக்கணும். மூலைல மட்டும் கசியுது பாத்தியா?"

விஷயம் இதுதான். இந்த மாதிரித் திரைகளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. கறுப்பு என்று நாம் பார்ப்பது அந்த விளக்குக்கு முன் இழுத்து மூடிய ஒரு கதவு. கதவு ஓரத்தில் சரியாகப் பொருந்தாவிட்டால் வெளிச்சம் கசியும். பாதிப்பேர் ஆயுசு முழுக்க அதைக் கவனிக்கமாட்டார்கள். கவனித்தவர்களுக்கு அப்புறம் வேறெதுவும் தெரியாது.

மனைவி நிதானமாகச் சொன்னார்: "நான் என் ஸ்டூடண்ட்ஸுக்கு மொத நாள் என்ன சொல்வேன் தெரியுமா? ரோட்டைப் பாருங்க, கண்ணாடியில இருக்கிற கறையைப் பாக்காதீங்கன்னு. கறையைப் பாத்தா லாரி தெரியாது."

"என் தொழிலே கறையைப் பாக்கறதும்மா."

"அப்ப லாரி வரும்போது சொல்லுங்க. கவரைக் கொடுங்க, கார் மேல காக்கா உக்காந்திருக்கு."

கவர் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அது டாக்டரின் சொத்து.

அதற்குப் பிறகு டாக்டர் இணையத்தில் மூழ்கினார். அங்கே ஒரு சகோதரத்துவமே இருந்தது. உலகமெங்கும் வீட்டை இருட்டாக்கிக்கொண்டு, வெறும் கறுப்பைப் படமெடுத்து, ஒருவருக்கொருவர் அனுப்பி ஆறுதல் சொல்லிக்கொள்ளும் ஆண்கள் கூட்டம். பெண்கள் மிகக் குறைவு. கவரைத் திருப்பிக் கேட்கிற பக்கத்தில் அவர்கள் இருந்திருக்கலாம். டாக்டரும் ஃபோனில் ஒரு படம் எடுத்தார். ஃபோன் கேமரா இருட்டைக் கண்டால் மிகையாகப் பேசும் ஜாதி. கண்ணுக்குப் புகை மாதிரி இருந்தது ஃபோனில் காட்டுத்தீ மாதிரி வந்தது. அதைக் கம்பெனிக்கு அனுப்பினார். தீயணைப்பு வண்டியை அனுப்பாமல் ஒரு சர்வீஸ்காரரை அனுப்புவதாகப் பதில் வந்தது.

சர்வீஸ்காரர் வருவதற்குள் டாக்டர் கை சும்மா இருக்குமா? சகோதரர்களில் ஒருவர், பின்பக்க ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தி, மூலையை மெல்லிய துணியால் நீவிவிட்டால் சரியாகும் என்று எழுதியிருந்தார். டாக்டர் தளர்த்தினார். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால், முழங்கால் வலிக்குத் தைலம் தேய்ப்பதுபோல, மூலையை வட்டவட்டமாக நீவினார். கல்லூரியிலிருந்து வந்த மகள் கூடாரத்துக்குள் தலையை நீட்டினாள்.

"அப்பா, நேத்து பூசணிக்காய் மாதிரி இருந்துச்சு. இப்ப வாத்து மாதிரி ஆயிடுச்சு."

"வாத்தா?"

"இதோ மூக்கு. இதோ வால். இன்னும் கொஞ்சம் தேச்சா நீந்தும்."

டாக்டர் துணியைக் கீழே வைத்துவிட்டார். அதற்குமேல் தேய்க்க மனம் வரவில்லை. ஸ்க்ரூவைத் திரும்ப முறுக்கவும் மறந்துவிட்டார்.

சர்வீஸ்காரர் வந்தார். முதுகில் பை, முகத்தில் தூக்கக் கலக்கம். அவரையும் கவருக்குள் அழைத்துப் போனார் டாக்டர். துணைக்கு மனைவியும் போனார், முன்பின் தெரியாத ஓர் ஆள் திடுதிப்பென்று இருட்டில் மாட்டிக்கொண்டு பயந்துவிடக்கூடாதே என்று.

"எங்க சார்?"

"இடது மூலை."

"தெரியலையே சார்."

"கண்ணு பழகணும். பொறுங்க."

மூவரும் பொறுத்தார்கள். கவருக்குள் புழுக்கம். சர்வீஸ்காரர் காலையில் சாப்பிட்ட வெங்காயம் எல்லோருக்கும் தெரிந்தது.

"ஆங், தெரியுது சார். ஏதோ பறவை மாதிரி."

"வாத்து. இது குறைதானே?"

சர்வீஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கம்பெனி ரூல்படி இது குறை இல்ல சார். இந்த மாதிரித் திரைக்கு இது சுபாவம்."

இருட்டில் மனைவியின் குரல் கேட்டது: "இதையேதான் நான் இவரைப் பத்தி எங்க அம்மாகிட்ட சொன்னேன்."

டாக்டர் விடவில்லை. தொழில், நெற்றி, மாடிப்படி, முதலாளியின் மாமியார் என்று எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். கவருக்குள் காற்றே இல்லாததால் சர்வீஸ்காரர் சீக்கிரமே மனமிளகி, வேறு மானிட்டர் மாற்றித் தர மேலே எழுதுவதாகவும் அதற்குக் கொஞ்சம் நாளாகும் என்றும் வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே ஓடினார்.

ஆனால் பிறந்தநாள் காத்திருக்குமா? படம் வந்துவிட்டது. மாமியார் எங்கேயோ கறுப்பு உடை ஆளை ஒல்லியாகக் காட்டும் என்று கேள்விப்பட்டு, மொத்தக் குடும்பத்துக்கும் கறுப்பு போடச் சொல்லிவிட்டார். பின்னால் தொங்கிய திரையும் கறுப்பு. கறுப்புக் கடலில் மிதக்கும் பந்துகள் போல முகங்கள். நடுவில் உட்காரச் சொல்லியும் மாமியார் மறுத்துவிட்டு, "ஓரத்துல இருந்தாதான் எல்லாரையும் கவனிக்க முடியும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசியில் உட்கார்ந்திருந்தார்.

எந்த ஓரம் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். இடது கீழ் மூலை.

டாக்டர் கவருக்குள் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். பருக்கள் போயின. கருவளையங்கள் போயின. மாப்பிள்ளைகளின் தொப்பைகள் நாசூக்காக உள்வாங்கப்பட்டன. எல்லா முகமும் மெழுகு ஆப்பிள் மாதிரி பளபளத்தது. மாமியார் இருந்த மூலைக்கு வந்தார். அங்கே கறுப்பு சாம்பலாகத் தெரிந்தது, மஞ்சள் படர்ந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும், இது மானிட்டரின் கோளாறு, படத்தின் கோளாறு அல்ல என்று விட்டிருப்பார்கள். டாக்டருக்கும் அது தெரியும், உலகத்திலேயே அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. ஆனால் கைக்குத் தெரியவேண்டுமே! குறையைக் கண்டால் குணப்படுத்தியே பழகிய கை. மூளை கம்பெனியின் ரூலை நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தபோது, கை அதுபாட்டுக்கு அந்த மூலையின் வெளிச்சத்தை இறக்கியது, மஞ்சளை உறிஞ்சியது, வாத்தின் மூக்கைத் தடவியது, வாலைத் தடவியது. கடைசியில் திரையில் மூலை சுத்தமாகிவிட்டது. கறுப்பு கறுப்பாக இருந்தது.

மானிட்டருக்கு வந்த நோய்க்குப் படத்துக்கு மருந்து கொடுத்த ஒரே டாக்டர் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது அந்தக் கணத்தில்தான். அவருக்கு மட்டும் அது தெரியாது. வழக்கம்போல எல்லா அடுக்குகளையும் ஒன்றாக அழுத்தி, அச்சுக்கு நேரே அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனார். முதலாளி பிறந்தநாள் நடக்கும் மண்டபத்தின் வேலையில் இருந்ததால் அவரும் பார்க்கவில்லை.

பிறந்தநாளன்று ஃபோன் வந்தது.

"டாக்டரே, உடனே மண்டபத்துக்கு வாங்க! அத்தையைக் காணோம்!"

"ஐயையோ! போலீஸ்ல சொல்லிட்டீங்களா சார்?"

"போட்டோவுலய்யா!"

டாக்டர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார். மனைவி ஓட்டினார். பக்கத்து இருக்கையில் டாக்டர். அந்தப் பக்கத்தில்தான் இரண்டாவது பிரேக் இருக்கிறது. மண்டபத்துக்குப் போகவே விரும்பாத ஒரு மனிதரின் காலடியில் பிரேக் இருந்தால் என்ன நடக்கும்? கார் நாலடி போகும், நிற்கும். நாலடி போகும், நிற்கும். பின்னால் வந்தவர்கள், கற்றுக்கொள்பவரின் கார் என்ற பலகையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஓட்டிக்கொண்டிருந்த ஆசிரியருக்கு "மெதுவா கிளட்ச்சை விடும்மா!" என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள்.

"காலை எடுங்க! என் தொழிலுக்கே கேவலமா இருக்கு!"

"என் கால் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியலம்மா."

"தெரியலன்னா மடக்கி சீட்டு மேல வச்சிக்குங்க!"

சம்மணம் போட்ட நிலையில் டாக்டர் மண்டப வாசலில் வந்து இறங்கினார்.

உள்ளே சுவர் முழுக்கப் படம். பளபளவென்று சிரிக்கும் பெரும் குடும்பம். இடது மூலையில் ஒரு கரிய மேகம். மேகத்துக்குள் உற்றுப் பார்த்தால் ஒரு புருவம், ஒரு கண், கன்னத்தின் விளிம்பு, நாற்காலிப் பிடியை இறுக்கியிருக்கும் விரல்கள். மஞ்சளை உறிஞ்சிவிட்டதால் அத்தனையும் எஃகு நிறம். டாக்டர் பார்த்தார். மேகத்துக்கு ஒரு மூக்கும் ஒரு வாலும் இருந்தது அவருக்கு மட்டும் தெரிந்தது. நடந்தது என்னவென்று அப்போதுதான் புரிந்தது.

முதலாளி காதருகில் வந்து பல்லைக் கடித்தார். "மாடிப்படிக்குக் கீழ இன்னும் ஃபிரேம் எதுவும் அடுக்கல. அப்படியே காலியாத்தான் இருக்கு. புரியுதா?"

டாக்டரின் கை தானாக நெற்றிப் புடைப்பைத் தடவியது.

மாமியார் வந்தார். கூட்டம் விலகியது. படத்துக்கு எதிரே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கேக் வெட்ட வைத்திருந்த கத்தியை யாரோ நகர்த்தி வைத்தார்கள்.

"யாரு செஞ்சது இது?"

"இவருதான் அத்தை!" கேள்வி முடியும் முன்பே முதலாளி விரலை நீட்டிவிட்டார்.

"இப்படி வாங்க தம்பி."

டாக்டர் போனார். பின்னாலேயே மனைவியும் போனார், தேவைப்பட்டால் மிதிக்கத் தயாராக.

"வருஷக்கணக்கா என்னை எல்லாரும் சிரிங்க சிரிங்கன்னு சொல்லித்தான் படம் எடுக்கிறாங்க. ஒவ்வொண்ணுலயும் யாரோ பக்கத்து வீட்டம்மா மாதிரி இருப்பேன். இதுலதான் தம்பி நான் நானா இருக்கேன்." மாமியார் படத்திலிருந்த மற்றவர்கள்மேல் பார்வையை ஓட்டினார். "இவங்கள்லாம் கழுவி வச்ச உருளைக்கிழங்கு மாதிரி இருக்காங்க. நான் ஒருத்திதான் ஆளு மாதிரி இருக்கேன். எல்லாரையும் நான் கவனிச்சிக்கிட்டிருக்கிறது அப்படியே தெரியுது பாருங்க!"

உருளைக்கிழங்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. உண்மையாகவே, மண்டபத்தில் எங்கே நின்று பார்த்தாலும் அந்த ஒற்றைக் கண் துரத்தியது. கடன் வாங்கி ஒளிந்து திரிந்த இளைய மருமகன் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"மாப்பிள்ளை, இது என்ன டெக்னிக்?" என்று முதலாளியிடம் திரும்பினார் மாமியார்.

முதலாளியின் விரல் நீட்டிய இடத்திலேயே வளைந்து டாக்டரின் தோளைத் தட்டியது. "நம்ம ஸ்டுடியோவோட புது டெக்னிக் அத்தை. நாங்க ரெண்டு பேரும் உக்காந்து கண்டுபிடிச்சோம்."

அதற்குள் பெரிய மகள், "அம்மாவுக்கு மட்டும்தானா? எனக்கும் இதே மூலை வேணும்" என்றார். சின்ன மகள் தனக்கும் என்றார். சம்பந்தியம்மாள், அந்தஸ்தில் தான் எந்த மூலைக்கும் குறைந்தவள் இல்லை என்பதை நினைவுபடுத்தினார். வழக்கமாக எல்லா விசேஷத்திலும் நடுவில் உட்காரச் சண்டை போடும் குடும்பம் முதல்முறையாக ஓரத்துக்குச் சண்டை போட்டது. ஆளுக்கொரு தனிப்படம், எல்லாவற்றிலும் அதே நிழல் என்று முடிவானது. கிளம்பும்போது முதலாளி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வீட்லயே இருங்க டாக்டரே. இந்த நிழல் மட்டும் அப்படியே வரணும். வரலன்னா… புரியுதுல்ல?"

திரும்பும்போது டாக்டர் பிரேக்கைத் தொடவே இல்லை. கார் பறந்தது.

வீட்டில் மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா, கண்ணை மூடிட்டு வாங்க. சர்வீஸ்காரர் வந்தாரு. கம்பெனியோட சண்டை போட்டு மாத்திக் கொடுத்துட்டாரு. பழசை எடுத்துட்டுப் போயிட்டாரு!"

மேஜைமேல் புது மானிட்டர். டாக்டர் கவருக்குள் புகுந்தார். கறுப்பை வைத்தார். நாலு மூலையும் பாழுங்கிணறு மாதிரி அவ்வளவு அழகான கறுப்பு. இணையச் சகோதரர்கள் வாழ்நாளெல்லாம் தேடுவது. உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"அப்பா? சந்தோஷத்துல அழறீங்களா?"

"அழறேன்."

சோதனைகள் ஆரம்பமாயின. பெரிய மகளின் படத்தை எடுத்து, மூலையைக் கையால் இருட்டாக்கினார். ஷூ பாலீஷ் மாதிரி வந்தது. மங்கலாக்கினார், அழுக்குத் துணி மாதிரி வந்தது.

"பழைய படத்துலேர்ந்து அந்த நிழல் அடுக்கை மட்டும் உருவி இதுல ஒட்டிடுங்கப்பா. அவ்வளவுதானே?" என்றாள் மகள்.

"அடுக்கா?" என்றார் டாக்டர். "நான்தான் எல்லாத்தையும் ஒண்ணா அழுத்திட்டேனே."

"மியூசியம் வச்சிருக்கலாம்ல?"

வேறு வழியில்லாமல் இருந்ததில் சுமாரான ஒன்றை மாமியாருக்கு ஃபோனில் அனுப்பினார்கள். பதில் குரலிலேயே வந்தது: "பிள்ளை முகத்துல யாரோ கரியைப் பூசின மாதிரி இருக்கே! தம்பிக்கு உடம்பு சரியில்லையா?" பின்னாலேயே முதலாளியிடமிருந்து ஒரு படம் வந்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த நாற்காலியின் படம். தூசி தட்டி வைத்திருந்தார்கள்.

அந்த வாத்து கண்ணெதிரே இருந்தால்தான் கைக்கு அந்த நிழல் வரும் என்று புரிந்து, டாக்டர் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டார்.

"தம்பி, என் பழைய மானிட்டர் எனக்கு வேணும்."

"ஏன் சார், புதுசுல எதுவும் குறையா?"

"குறையே இல்லப்பா. நானும் எல்லா மூலையும் பாத்துட்டேன். எங்கயும் இல்ல."

"சார், இப்படி ஒரு கம்ப்ளெயிண்ட்டை நான் எப்படிப் பதியறது?"

ஃபோனை மனைவி வாங்கினார். வகுப்பில் பேசும் குரலில், நிதானமாக, திருப்பம் எங்கே, கியர் எங்கே என்று சொல்வதுபோல் சொன்னார். மறுநாள் காலை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே திரும்பி வந்த மானிட்டர்கள் அடுக்கடுக்காக. எல்லாம் ஒரே மாதிரி. எதிலும் ஊர், பேர் இல்லை.

"இதுல எது உங்களுதுன்னு எனக்குத் தெரியாது சார். நீங்களே பாத்து எடுத்துக்குங்க. ஆனா அந்தக் கவருக்குள்ள நான் வரமாட்டேன்."

வந்தார். மனைவி வரவைத்தார். மகளும் வந்தாள். நாலு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார, மானிட்டர்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.

"இது வலது மூலை. தூக்குங்க."

"இதுல லேசாத்தான் கசியுது. இதைப் போயா ஒருத்தன் திருப்பிக் கொடுத்தான்? மனசாட்சி இல்லாதவன்!"

"இது நல்லா கசியுதேப்பா."

"மஞ்சள் போதாது."

"இதைப் பாருங்க சார், நாலு மூலையும் கசியுது! அருமையான பீஸ்!" வியாபாரம் பழகிப்போன சர்வீஸ்காரர் குரலில் உற்சாகம் வந்துவிட்டது.

"பேராசை வேணாம். எனக்கு ஒரு மூலை போதும்."

வேன் காலியாகிக்கொண்டே வந்தது. டாக்டரின் விரல் பழையபடி நெற்றிக்குப் போனது. அடியிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்து மாட்டினார்கள். திரை கறுத்தது. கண் பழகப் பழக, இடது கீழ் மூலையில், மங்கலாக, மஞ்சளாக, முதலில் ஒரு மூக்கு. பிறகு ஒரு வால்.

"வாத்து!" என்று கத்தினாள் மகள்.

டாக்டர் திரையையே கட்டிப்பிடித்துக்கொண்டார். மனைவி கவருக்குள்ளேயே கைதட்டினார். அது எல்லோர் முகத்திலும் பட்டது. சர்வீஸ்காரருக்கும் என்னவென்றே தெரியாமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இப்படி ஒரு கோளாறைக் கொண்டாடும் வீட்டை அவர் பார்த்ததே இல்லை. கிளம்புவதற்கு முன் தன் பங்குக்கு ஏதாவது நல்லது செய்துவிட்டுப் போகவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். மானிட்டரைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"சார், பின்னாடி ஒரு ஸ்க்ரூ லூசா இருக்கு. அதனாலதான் கசிஞ்சிருக்கு. ஒரே நிமிஷம், முறுக்கிட்டா சரியாப் போயிடும்."

பையிலிருந்து திருப்புளியை எடுத்தார்.

"கை வைக்காதே!" என்று மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் வெடித்ததில், வாசலில் கவர் இல்லாமல் நின்ற காரின் மேல் உட்கார்ந்திருந்த காக்கைகூட எழுந்து பறந்துவிட்டது.